மாலும் மயக்கமும்

தமிழ் மக்கள் பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து போவது புதிதான காரியமல்ல. தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன காலம் ஒன்று. யுத்தத்துக்கும் கொலைக்கும் தப்பி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடின காலம் ஒன்று. படித்துப் பட்டம் பெற்று, விசா வாங்கிக்கொண்டு, பெண்டு பிள்ளைகளோடு ஆகாய விமானத்தில் ஏறிப் போகின்ற காலம் இது. அப்படிப் போகின்ற தேசங்களில் கனடாவும் ஒன்று. அங்கே டொரோண்டோ நகரத்தைச் சேர்ந்த ஸ்கார்பரோ என்னும் பகுதி, 1983-ஆம் வருஷத்தில் இலங்கையில் நடந்த தமிழர் படுகொலைக்குப் பிறகு ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய இடமாகும். கடைப் பலகைகளில் தமிழ் எழுத்தைப் பார்க்கலாம் என்பதால், தமிழ்நாட்டிலிருந்து போகின்றவர்களிலும் பலர் அங்கேயே வீடு தேடுகின்றார்கள்.

போய் இறங்கிய குடும்பம் முதல் மாதத்தில் என்ன செய்கின்றது? வீடு பிடிக்கின்றது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கின்றது, குளிருக்குச் சட்டை வாங்குகின்றது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளுக்குத் தலைவாரிச் சட்டை மாட்டிக் கூட்டிக்கொண்டு “மால்” பார்க்கப் போகின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் இங்கு எழுத எடுத்துக்கொண்டோம்.

“கடைக்குப் போய்வருவது ஒரு விஷயமா? இதற்கு ஒரு வியாசமா?” என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நாம் சொல்லுவது என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் குழந்தை படிப்பது கணக்கும் பூகோளமும். ஒரு மனிதனுக்கு மதிப்பு எதனால் வருகின்றது என்கின்ற பாடத்தை அது படிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களிலேயாகும். புதிய தேசத்தில், புதிய பாஷையில், தன் தாய் தகப்பனே விழித்துக்கொண்டு நிற்கின்ற இடத்தில் அந்தப் பாடம் நடப்பதால், அது மனத்தில் ஆழமாகப் பதிந்து விடுகின்றது. ஆகவே இதைப் பற்றி ஆலோசிப்பது அவசியம் என்றே கருதுகின்றோம்.

பெயரின் பொருத்தம்

தமிழில் மால் என்றால் மயக்கம் என்றும், ஆசை என்றும் பொருள் உண்டு; பெருமாளுக்கும் அதுவே பெயர். இங்கிலீஷ் மால் வேறு. மரச்சுத்தியால் பந்தடித்து ஆடிய ஒரு பழைய ஆட்டத்தின் பெயர், பதினேழாம் நூற்றாண்டில் லண்டனில் அது ஆடப்பட்ட தெருவுக்கு வந்து, பிறகு மரநிழலில் உலாவும் சாலைக்கு வந்து, கடைசியாகக் கடைகளின் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டு சொல்லுக்கும் பிறப்பில் எவ்விதச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் தமிழ்ப் பொருள் அந்தக் கட்டடத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப்போல் பொருந்தியிருக்கின்றது!

பார்த்திராதவர்களுக்காகச் சொல்லுகின்றோம். சென்னையிலும் கோவையிலும் இப்போது இது வந்துவிட்டது என்றாலும், குளிர்தேசத்து மால் வேறு விதமானது. 1973-இல் திறக்கப்பட்ட ஸ்கார்பரோ டவுன் சென்டரில், ஒரே கூரையின்கீழ் இருநூறுக்கு மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. வெளியே பனி உறைந்து கிடக்கும். உள்ளே போனால் சட்டைக்கு மேல் போட்ட சட்டையைக் கழற்ற வேண்டியதாகும். வழவழப்பான தரை, ஏறி நின்றால் தானே மேலே கொண்டுபோகும் படிக்கட்டு, பத்து தேசத்துச் சாப்பாடும் ஒரே முற்றத்தில் விற்கும் இடம். மூன்று மாதம் நான்கு சுவருக்குள் அடைபட்டுக் கிடந்த குழந்தைக்கு அது தேவலோகமாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் நம் புராணத் தேவலோகம் யாரும் பார்க்காதது. இதையோ கண்ணாலும் பார்க்கலாம், யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள் என்றும் விசாரிக்கலாம். விசாரித்துப் பார்ப்போம்.

கட்டியவரும் புதிதாய் வந்தவரே

முழுவதும் கூரையால் மூடி, உள்ளே குளிரையும் வெப்பத்தையும் கட்டுக்குள் வைத்த மால்களில் முதலாவதென்று சொல்லப்படுவது, அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்து ஈடைனா என்ற ஊரில் 1956 அக்டோபர் 8-ந் தேதி திறக்கப்பட்ட சவுத்டேல் என்பதாகும். எழுபத்திரண்டு கடைகளைக் கொண்டது. அதைத் திட்டமிட்டவர் விக்டர் க்ரூயன் என்ற கட்டடக் கலைஞர். அவர் 1903-இல் வியன்னா நகரத்தில் பிறந்த யூதர். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது உயிர் தப்பி நியூயார்க்குக்கு ஓடிவந்தவர். அதாவது, இன்று மாலுக்குள் மிரண்டு நிற்கின்ற நம்மவரைப்போல் அவரும் அந்நிய தேசத்தில் புதிதாய் வந்து இறங்கிய ஒருவரே.

அவர் ஆசைப்பட்டது வெறும் கடைத்தெருவல்ல. தம் ஊரில் ஜனங்கள் உட்கார்ந்து பேசுகின்ற சதுக்கத்தைப்போல், மோட்டார் வண்டியை விட்டு இறங்காத அமெரிக்கருக்கும் ஒரு சதுக்கம் உண்டாக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். சுற்றிலும் வீடு, பள்ளிக்கூடம், வைத்தியசாலை, பூங்கா எல்லாம் வேண்டுமென்று திட்டம் போட்டார். பணம் போட்டவர்களோ, லாபம் தருகின்ற கடையையும் வண்டி நிறுத்துகின்ற மைதானத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டார்கள். அவர் 1968-இல் வியன்னாவுக்கே திரும்பிப் போனார். 1978-இல், தம் பெயரால் பெருகிவிட்ட இந்தக் கட்டடங்களுக்குத் தாம் தகப்பனல்ல என்று பகிரங்கமாகவே மறுத்துப் பேசிவிட்டு, 1980-இல் காலமானார்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மாலுக்குள் நுழைந்த மனிதன் தான் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து, கண்டதையெல்லாம் பார்த்துக்கொண்டு சுற்றத் தொடங்குகின்ற அந்த நிமிஷத்துக்கு அவர் பெயரையே வைத்து, “க்ரூயன் மாற்றம்” என்று வியாபார சாஸ்திரிகள் அழைக்கின்றார்கள். தமிழில் அதற்கு எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது: மால்!

கதவுக்கு உரிய மரியாதை

நாம் எதையும் கண்ணை மூடிக்கொண்டு வைகின்றவர்களல்ல. மாலில் நல்லது இருந்தால் அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதன் வாசற்கதவு, ஆள் கிட்டே வந்தால் தானாகவே திறக்கின்றது. வந்தவன் எந்த ஜாதி, எந்தக் குலம், தீட்டு உண்டா இல்லையா என்று அது கேட்பதில்லை. பெரிய கோவில்களின் வாசலில் எத்தனை தலைமுறையாக நம் மக்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதும், மதுரைக் கோவிலுக்குள் அவர்கள் கால் வைக்க 1939-ஆம் வருஷம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதும் நமக்குத் தெரியும். அந்த வாசலை நினைத்தால் இந்த வாசல் பெரிதுதான். ஒரு பெண் தன்னந்தனியாகப் போய் வரலாம். கிழவர்கள் பனியில் வழுக்கி விழாமல் உள்ளேயே நடந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளலாம். சுத்தமான கக்கூஸ் உண்டு. குழந்தைக்குப் பால் கொடுக்க இடம் உண்டு. ஒரு காசும் செலவு செய்யாமல் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தாலும் யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. ஆகவே போகாதே என்று சொல்ல நாம் வரவில்லை. “மால் பாவம், வீட்டில் இருந்து பஜனை செய்” என்கின்ற பேர்வழிகளுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை.

ஆனால் கதவு திறந்திருப்பதாலேயே உள்ளே ஏற்றத்தாழ்வு இல்லை என்று நினைத்துவிடலாமா? உள்ளே போனபின் வேறொரு குலமுறை ஆரம்பமாகின்றது. எந்தக் கம்பெனியின் முத்திரை போட்ட செருப்பு, எந்தக் கம்பெனியின் பெயர் எழுதின சட்டை என்பதே அந்தக் குலமுறை. பள்ளிக்கூடத்தில் பத்து வயதுப் பையன் மற்றொரு பையனின் காலைப் பார்த்து அவன் தரத்தை நிர்ணயிக்கின்றான். நெற்றியைப் பார்த்துத் தரம் பிரித்ததை விட்டு, காலைப் பார்த்துத் தரம் பிரிப்பதற்காகவா கடல் கடந்து போனோம் என்று கேட்கின்றோம்.

அந்தப் பெயர்களுக்குத்தான் என்ன சிரஞ்சீவித்தன்மை இருக்கின்றது? டொரோண்டோவில் 1869-இல் ஆரம்பித்து, தேசம் முழுவதும் கொடிகட்டிப் பறந்த ஈட்டன் கடை 1999-இல் திவாலாயிற்று. 1670-இல் இங்கிலாந்து அரசரிடம் சாசனம் பெற்ற ஹட்சன் பே கம்பெனி, முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, 2025 ஜூன் மாதத்தில் தன் கடைகள் அத்தனையையும் மூடிவிட்டது. நிலைக்காத பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு திரிகின்றவனுக்கு அதனால் வருகின்ற மதிப்பு மட்டும் நிலைத்துவிடுமா?

யந்திரம் வேலை செய்யும் விதம்

மாலில் எதுவும் தற்செயலாக அமைந்ததல்ல. பெரிய கடைகளை இரண்டு கோடியிலும் வைத்திருப்பார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகின்றவன் நடுவிலுள்ள சின்னக் கடைகளையெல்லாம் கடந்துதான் போகவேண்டும். மேலே ஏறிய படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த படிக்கட்டு இராமல், சுற்றி நடந்து போகும்படியாகவும் வைப்பதுண்டு. கடிகாரம் கண்ணில் படுவது அரிது. மிட்டாயும் பொம்மையும், பணம் கட்டுகின்ற மேஜைக்குப் பக்கத்தில், குழந்தையின் கண்ணுக்கும் கைக்கும் எட்டுகின்ற உயரத்தில் இருக்கும். வரிசையில் நிற்கின்ற தாய் அவசரத்தில் மறுக்கமாட்டாள் என்பது வைத்தவனுக்குத் தெரியும்.

இன்னும், பண்டத்தில் ஒட்டியிருக்கின்ற விலை அங்கே முழு விலையல்ல. ஒண்டாரியோ மாகாணத்தில் பெரும்பாலான பண்டங்களுக்கு நூற்றுக்கு 13 வீதம் வரி, பணம் கட்டும்போதுதான் சேருகின்றது. குழந்தைகளின் துணி, புஸ்தகம் முதலிய சிலவற்றுக்கு மட்டும் 5 வீதம். புதிதாய் வந்தவர் கையில் எண்ணி வைத்த காசைக் கொடுத்துவிட்டு, மேலும் கேட்கிறார்களே என்று விழிப்பதற்குக் காரணம் இதுதான்.

பண்டிகை உண்டாக்குகின்ற வித்தையும் இவர்களுக்குத் தெரியும். மேலே சொன்ன ஈட்டன் கடைக்காரர்கள் 1905-இல், சாண்டா கிளாஸ் தாத்தா ரயிலில் வந்து இறங்கித் தங்கள் கடைக்கே நடந்து வருவதாக ஒரு வேஷம் கட்டினார்கள். குழந்தைகள் பின்னாலேயே போனார்கள். குழந்தைகளுக்குப் பின்னால் தாய் தகப்பன்மார் மணிபர்ஸோடு போனார்கள். அது வருஷா வருஷம் ஊர்வலமாக வளர்ந்தது. 1982-இல் கடைக்காரர்கள் கைவிட்டபின்னும் மற்றவர்கள் எடுத்து நடத்தி இன்றைக்கும் நடக்கின்றது. நம் ஊரில் அட்சய திருதியைக்கும் நகைக்கடைக்கும் உள்ள சிநேகம் எப்படிப்பட்டதோ, அப்படிப்பட்டது இதுவும். குழந்தைகள் வேடிக்கை பார்ப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. தாத்தாவின் மடியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் கொஞ்சம் விவரம் தெரிந்த வயதில், “இந்த ஊர்வலத்தை ஆரம்பித்தது யார், எதற்காக?” என்ற கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள் என்கின்றோம். கேள்வி கேட்டதால் கெட்டுப்போன குழந்தை உலகத்தில் கிடையாது.

இப்படிக் குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதே கூடாது என்று கனடாவின் க்யூபெக் மாகாணம் 1980-இல் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு வியாபார விளம்பரம் கூடாதென்பது அதன் சாரம். ஒரு பொம்மைக் கம்பெனி பேச்சுச் சுதந்திரத்தின் பேரால் வழக்குப் போட்டது. 1989-இல் கனடா சுப்ரீம் கோர்ட், சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டங்கூடக் கடையின் கண்ணாடி ஜன்னலையும் பண்டத்தின் மேலட்டையையும் விலக்கி வைத்திருக்கின்றது. பக்கத்து மாகாணமான ஒண்டாரியோவிலோ அப்படிப்பட்ட சட்டமே இல்லை. ஆகையால் மாலுக்குள் குழந்தைக்குச் சட்டமாக இருக்கவேண்டியவர்கள் தாய் தகப்பன்மாரே ஆவார்கள்.

தலைகுனிவு எங்கே பிறக்கின்றது?

அந்தத் தாய் தகப்பன்மாரின் நிலைமை என்ன? ஊரில் பத்துப் பேர் எழுந்து நின்று மரியாதை செய்த மனிதர், அங்கே கிடங்கில் மூட்டை தூக்குகின்றார். இங்கிலீஷ் படித்திருந்தாலும், கடைப் பெண் மூக்கால் வேகமாகப் பேசுவது காதில் ஏறுவதில்லை. “என்னப்பா சொல்கிறாள்?” என்று எட்டு வயது மகனைக் கேட்கின்றார். மகன் மொழிபெயர்க்கின்றான். ஒரு நிமிஷத்தில் மகன் தகப்பனாகவும், தகப்பன் மகனாகவும் ஆகிவிடுகின்றார்கள். அந்தப் பையன் முகத்தில் ஓடுகின்ற வெட்கத்தைத் தகப்பன் பார்த்துவிடுகின்றார். அதைத் துடைப்பதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி, அவன் கேட்டதை வாங்கிக் கொடுப்பது. கையில் பணமில்லை, கடன் அட்டை இருக்கின்றது.

இங்கேதான் விபரீதம் ஆரம்பமாகின்றது. கடன் அட்டைக்கு அங்கே வட்டி சாதாரணமாக நூற்றுக்கு 20 வீதம். ஆயிரம் டாலரை ஒரு வருஷம் அப்படியே நிறுத்தி வைத்தால், இருநூறு டாலருக்குக் குறையாமல் வட்டியாகவே போய்விடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் மாதா மாதம் கட்டிக்கொண்டு வந்தால் கடன் தீர எத்தனை வருஷமாகும் என்று, கணக்குச் சீட்டிலேயே அச்சடித்து அனுப்புகின்றார்கள். படிக்கின்றவர் எத்தனை பேர்? ஊரில் தகப்பனின் கருமாதிக்கும், பெண்ணின் சடங்குக்கும், “நாலு பேர் என்ன சொல்லுவார்கள்” என்று நிலத்தை அடகு வைத்தவரை நாம் பைத்தியக்காரர் என்றோம். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் போயும், அதே நாலு பேருக்காக, அதே கடனைத்தானே வாங்குகின்றார்? பார்ப்பானுக்குத் தட்சணையாகப் போனது, பாங்கிக்கு வட்டியாகப் போகின்றது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் என்ன?

இந்த விஷயத்தில் ஊரிலிருக்கின்ற உறவினருக்கும் பங்கு இல்லாமலில்லை. “மாலுக்குப் போனீர்களா? படம் அனுப்புங்கள்” என்று கேட்பவர்கள் யார்? லீவில் வருகின்றவன் பெட்டியைத் திறக்கும்போது சுற்றி உட்கார்ந்து, “இவ்வளவுதானா?” என்று முகத்தைச் சுளிப்பவர்கள் யார்? அவன் எத்தனை மணி நேரம் நின்று வேலை செய்கின்றான், குளிரில் கைவிரல் மரத்துப்போகின்றதா என்று கேட்பவர்கள் எத்தனை பேர்? பெட்டியின் கனத்தால் மனிதனை எடைபோடுகின்ற புத்தி இங்கே இருக்கின்ற வரையில், அவன் அங்கே கடனாளியாவதை யாராலும் தடுக்க முடியாது.

பிள்ளைக்குத் தகப்பன்மேல் மதிப்பு வருவது பொம்மையினாலல்ல. பாஷை தெரியாதது குற்றமுமல்ல, அவமானமுமல்ல. அது ஒரு வருஷத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய சங்கதி. “எனக்கு இது புரியவில்லை, நீ சொல்லு; நான் கற்றுக்கொள்ளுகின்றேன்” என்று நிமிர்ந்து நின்று சொல்லுகின்ற தகப்பனைப் பார்த்து எந்தப் பிள்ளையும் வெட்கப்படாது. வெட்கம், தகப்பன் குனிவதைப் பார்த்துத்தான் பிள்ளைக்கு வருகின்றது.

சதுக்கமா, கடையா?

மால் ஜனங்கள் கூடுகின்ற பொது இடம் என்றே புதிதாய்ப் போனவர்கள் நினைக்கின்றார்கள். அது சரியல்ல. கனடாவில் வின்னிபெக் நகரத்தில் ஒரு மாலிலிருந்த கடையில் வேலை செய்த ஒரு பெண், நியாயமான வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டு, தான் வேலை செய்த கடையின் முன்னாலேயே பலகை பிடித்து மறியல் செய்தாள். மாலின் நிர்வாகி, மாலின் இடத்தில் அத்துமீறி நுழைந்தாள் என்று வழக்குத் தொடுத்தார். 1975-இல் சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மை நீதிபதிகள் சொந்தக்காரர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். தலைமை நீதிபதி மாறுபட்டு எழுதியும் பயனில்லை. அமெரிக்காவிலும் 1972-இல், ஒரு மாலில் யுத்தத்துக்கு விரோதமாகத் துண்டுப் பிரசுரம் கொடுத்தவர்களைத் தடுத்தது செல்லும் என்றே சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. ஆகவே மாலில் நீ நடக்கலாம், தின்னலாம், வாங்கலாம். கூட்டம் போடவோ, நியாயம் கேட்கவோ அது உன் இடமல்ல. க்ரூயன் கனவு கண்ட சதுக்கத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் குழந்தைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

குழந்தைக்கு உண்மையாகவே சொந்தமான இடம் அந்த நகரத்தில் இல்லையா? இருக்கின்றது. டொரோண்டோ பொது நூல்நிலையத்துக்கு நகரம் முழுவதும் நூறு கிளைகள் உண்டு. அந்நகரத்தில் குடியிருக்கின்றவருக்கு அட்டை இலவசம். பல கிளைகளில் தமிழ்ப் புஸ்தகமும் கிடைக்கும். எடுத்த புஸ்தகத்தைத் தாமதமாய்த் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டிருந்த அபராதத்தையும் 2022-இல் எடுத்துவிட்டார்கள். மாலைப்போல் அங்கேயும் வெப்பம் உண்டு, நாற்காலி உண்டு, கக்கூஸ் உண்டு. உள்ளே வந்தவனிடத்தில் எதையும் விற்கவேண்டும் என்கின்ற அவசரம் மட்டும் அங்கே இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை மாலுக்குப் போகின்ற குடும்பம், அதற்கு முந்தின சனிக்கிழமை நூல்நிலையத்துக்குப் போய்ப் பிள்ளையின் பெயரில் ஒரு அட்டை வாங்கட்டும். புதிய தேசத்தில் பிள்ளையின் பெயர் எழுதின முதல் அட்டை அதுவாக இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து மலைப்பதை விட்டு, உழைப்பாகப் பெருக்கிப் பாருங்கள். ஒண்டாரியோவில் 2025 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17 டாலர் 60 சென்ட் என்று ஏற்பட்டது. 80 டாலர் பொம்மை, வரியோடு 90 டாலர் 40 சென்ட். அதாவது அப்பா கிடங்கில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நின்ற கூலி. இந்தக் கணக்கைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். “வேண்டாம்” என்று நீங்கள் சொல்லுவதற்கு முன்னால் பிள்ளையே யோசிக்கத் தொடங்கும். யோசித்த பின்னும் அது வேண்டுமென்றால், மூன்று மாதம் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். அதில் தவறில்லை. குழந்தை விளையாட வேண்டியதுதான்.

இரண்டாவது, வீட்டை விட்டுப் புறப்படும்போதே என்ன வாங்கப் போகின்றோம், எவ்வளவு செலவு செய்யப் போகின்றோம் என்பதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டு போங்கள். சும்மா பார்க்கத்தான் போகின்றோம் என்றால் அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வீட்டு வரவு செலவைப் பிள்ளைக்கு மறைப்பது கௌரவம் என்று நினைக்கின்றவர்கள், பிள்ளையை ஏமாற்றித் தாங்களும் ஏமாறுகின்றவர்களாவார்கள்.

மூன்றாவது, பொய்யும் பூச்சாண்டியும் வேண்டவே வேண்டாம். குழந்தை தரையில் படுத்து அழுதால், “அதோ காவற்காரன் பிடித்துக்கொண்டு போய்விடுவான்” என்று பயமுறுத்துவது நம்மவர் வழக்கம். அதே குழந்தை கூட்டத்தில் கைதவறிப்போனால் யாரிடம் போகும்? உதவி செய்யவேண்டிய காவற்காரனைக் கண்டு ஓடி ஒளியுமல்லவா? பயம் காட்டி வளர்த்ததின் பலன், ஆபத்து வேளையில் பிள்ளையே உதவியை விட்டு ஓடுவதுதான். அப்படிச் செய்யாமல், அப்பா அம்மாவின் முழுப் பெயரும் டெலிபோன் நம்பரும் மனப்பாடமாக்கி, வழி தவறினால் காவற்காரரிடமோ, பணம் வாங்கும் மேஜையிலிருப்பவரிடமோ போய்ச் சொல்லும்படி முன்னதாகவே சொல்லிக் கொடுங்கள்.

நான்காவது, மறுத்தால் காரணம் சொல்லி மறுங்கள். “பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும்” என்பது காரணமாகாது. இன்று பெரியவர் சொன்னார் என்று கேட்கின்ற பிள்ளை, நாளை விளம்பரக்காரன் சொன்னான் என்றும் கேட்கும். மாலின் மயக்கம் கட்டடத்தோடு நிற்கவில்லை. செல்போனாகப் பிள்ளையின் உள்ளங்கைக்கே வந்துவிட்டது. அங்கே கைபிடித்துக் கூட்டிவர நீங்கள் கூட இருக்கமாட்டீர்கள். அது கேட்கக் கற்றுக்கொண்ட கேள்வி மட்டுந்தான் கூட இருக்கும்.

முடிவாக ஒன்று சொல்லுகின்றோம். மாலுக்குப் போங்கள், குளிர் காயுங்கள், நடங்கள், வேண்டியதை வாங்குங்கள், வேண்டாததை வேடிக்கை பாருங்கள். ஆனால் போகும்போது இருந்த மனிதராகவே திரும்பி வாருங்கள். தானே திறக்கின்ற கதவு, வெளியே போவதற்கும் தானே திறக்கின்றது. வெறுங்கையோடு அதன் வழியாகப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, சிறிதும் கூச்சமில்லாமல் வெளியே வரத் தெரிந்த குடும்பத்தை எந்தத் தேசத்திலும், எந்தக் கடைக்காரனும், எந்தப் பாங்கிக்காரனும் அடிமையாக்கிவிட முடியாது.